அசையா அணி

ரத்தம் ஓடுவதற்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை என்றுதான் சுப்பையன் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தான். அது தப்பு என்று அவனுக்கு எடுத்துச் சொல்ல ஓர் ஆஸ்பத்திரியே வேண்டியிருந்தது.

ஜப்பான்காரன் மலாக்காவுக்கு வந்து இரண்டாவது வருஷம். காஜா பேராங்கில், கம்போங் செட்டிக் குடியிருப்புக்குப் பின்பக்கம், அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட வீடு. ஒரு வண்டி, அதற்கு ஒரு செவலை மாடும் ஒரு மயிலை மாடும். பெண்டாட்டி சந்திரமதி. சுப்பையனின் சொத்து அவ்வளவுதான். அரிசி கண்ணில் படாமல் போய் ஊரே மரவள்ளிக் கிழங்கு தின்ன ஆரம்பித்திருந்த நேரம். கிழங்கு மூட்டையைப் பாசார் என்கிற சந்தைக்கு ஏற்றி இறக்குவது அவன் பிழைப்பு.

அடிவயிற்றில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு வீக்கம் ரொம்ப காலமாக இருந்தது. மூட்டை தூக்கினால் வெளியே வரும், மல்லாந்து படுத்தால் உள்ளே போய்விடும். குடல் இறக்கம். வீட்டுப் பூனை வருவதும் போவதும் மாதிரி அவன் அதைக் கண்டுகொள்வதில்லை. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கும் மண்டோர் அந்தத் தெருவுக்கு வந்த அன்றுதான் அதன் அருமை தெரிந்தது. சுப்பையன் வேட்டியைத் தளர்த்திக் காட்டினான்.

"மூட்ட தூக்குனாலே குடலு வெளிய வர்ற ஆளு, அங்க வந்து என்னாத்த தூக்கப் போற? இரு, இரு" என்று மண்டோர் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான். அடுத்த வீட்டில் இருந்து ஓர் ஆள் போனான். எதிர்வீட்டில் இருந்து இரண்டு பேர். யாரிடமிருந்தும் ஒரு சேதியும் வரவில்லை. அதற்கப்புறம் சுப்பையன் அந்த வீக்கத்தை மரியாதையாக நடத்தினான்.

ஆனால் ஒரு நாள் காலை வெளியே வந்த குடல் உள்ளே போக மறுத்துவிட்டது. வலி தாங்காமல் சுப்பையன் மண்ணில் உருண்டான். சந்திரமதி அவனை அவனுடைய வண்டியிலேயே தூக்கிப் போட்டு, மாட்டை விரட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். சீன டாக்டர் ஒருவர் வயிற்றைத் திறந்து, குடலை உள்ளே தள்ளி, சுத்தமாகத் தைத்துவிட்டார். சுப்பையன் கண் விழித்தபோது எதிரே டிரெசர் பொன்னுதுரை நின்றிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். மருந்து கட்டிக் கட்டியே தலை நரைத்தவர்.

"என்ன காணும், உயிரோட இருக்கிறீரோ?"

"இருக்கேன்னுதான் நெனைக்கிறேன் ஐயா."

"நல்லது. அசையாமல் கிடவும். உள்ளுக்கை தையல் போட்டிருக்கு. அறுந்துதெண்டால் திரும்பவும் வெட்ட வேணும். உமக்கும் கரைச்சல், எனக்கும் கரைச்சல்."

சுப்பையன் அசையாமல் கிடந்தான். அவன் பட்ட பாட்டுக்கெல்லாம் ஆரம்பம் அதுதான்.

அந்த ஆஸ்பத்திரியில் அப்போது ராஜரத்தினம் என்று ஒருவர் இருந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே கணக்கெழுதும் கிராணி. வெள்ளைக்கார ராஜாவின் பிறந்தநாளுக்கு நோயாளிகளுக்கெல்லாம் ஒரு துண்டு கேக் கொடுத்து, மூன்று தடவை கோஷம் போட வைத்தவர் அவர்தான். வெள்ளைக்காரன் ஓடினான், ஜப்பான்காரன் வந்தான். ராஜரத்தினம் நாற்காலியை விட்டு எழாமலே நிப்பொங்கோ என்கிற ஜப்பான் பாஷை வகுப்பில் முதலாவதாகத் தேறி, ஒழுக்க மேற்பார்வையாளர் ஆகிவிட்டார். காலையில் எல்லாரும் எழுந்து தோக்கியோ இருக்கும் திசையைப் பார்த்துக் குனிந்து வணங்குகிறார்களா, ரேடியோவில் சங்கீதம் வந்ததும் கையைக் காலை ஆட்டுகிறார்களா என்று பார்ப்பது அவருடைய உத்தியோகம். கடிகாரமும் தோக்கியோ கடிகாரமாகிவிட்டதால் மலாக்காவில் விடியும் முன்பே அங்கே விடிந்துவிடும். இருட்டில் யார் எந்தப் பக்கம் குனிகிறார்கள் என்று தெரியாது. ராஜரத்தினம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் திசைகாட்டி ஒன்றை வைத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்ப்பார். தோக்கியோ இருக்கும் திசையில் அந்த வார்டின் கக்கூஸ் இருந்தது. அதைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

சுப்பையன் தையலோடு கிடந்த அந்த வாரம்தான் கேப்டன் ஹிராயாமா வந்து சேர்ந்தார். கண்ணாடி போட்ட, மெலிந்த ராணுவ டாக்டர். கையில் ஓர் அளவு நாடா. வார்டின் நடுவில் நின்று மூன்றே வாக்கியம் பேசினார். ராஜரத்தினம் அதை மொழிபெயர்க்க ஆரம்பித்தார். காலைக் கஞ்சி ஆறிப் போய், ஆடை கட்டி, அதிலே ஈ உட்கார்ந்து எழுந்து போன பிறகுதான் முடித்தார்.

"எல்லாரும் கேளுங்க! படுத்துக் கெடக்கிற நோயாளிக்குக் கால்ல ரத்தம் ஒறஞ்சு போவுது. அந்தக் கட்டி அங்கேருந்து கெளம்பி நெஞ்சுக்குப் போவுது. நல்லாத் தேறி வந்தவன், கஞ்சிக் கிண்ணத்தக் கையில வச்சிக்கிட்டே பொட்டுனு போயிடுறான். இது ஏன்னு நம்ம கேப்டன் தூவான், நம்ம தொர, கண்டுபுடிக்கப் போறாங்க. நான் சொல்றேன் ஏன்னு. வெள்ளக்காரன் காலத்துல ரத்தம் தன் இஷ்டத்துக்கு ஓடுச்சு, தன் இஷ்டத்துக்கு நின்னுச்சு. ஏன்னு கேக்க ஆளில்ல. நானும் அந்தக் காலத்துல இங்கதான் இருந்தேன், நானும் கேக்கல. ஏன்? கேக்கச் சொல்லி மேலேருந்து உத்தரவு வரல. இப்ப வந்திருச்சு. இனிமே கேப்பேன்!"

சுப்பையன் கழுத்தை மட்டும் தூக்கித் தன் காலைப் பார்த்தான். அதுவரைக்கும் அது வெறும் கால். வண்டியில் தொங்கப் போடுவது, மாட்டை உதைப்பது, சேற்றில் மிதிப்பது. அதற்குள்ளே ஒன்று உறைந்து, நெஞ்சுக்குக் கிளம்பத் தயாராக உட்கார்ந்திருக்கலாம் என்று நினைத்ததும் வயிற்றுத் தையல் சுரீர் என்றது.

வார்டு இரண்டாகப் பிரிக்கப்பட்டது. சன்னல் பக்கம் படுத்தவர்கள் அசையா அணி. சுவர் பக்கம் படுத்தவர்கள் அசையும் அணி. அசையாதவர்களுக்கு ரத்தம் உறையும், அசைபவர்களுக்கு உறையாது. இதுதான் கேப்டனின் எண்ணம். தினமும் எல்லாருடைய கெண்டைக்காலையும் நாடாவால் அளப்பார். வீங்கினால் உறைந்துவிட்டது என்று அர்த்தம். சுப்பையன் சன்னல் பக்கம்.

"ஐயா, அப்ப எனக்கு ஒறயணுமா, ஒறயக் கூடாதா?" என்று பொன்னுதுரையிடம் கேட்டான்.

"எனக்கென்ன தெரியும் காணும்? நான் மருந்து கட்டுறவன். ஆராய்ச்சி செய்யிறவை வேற. நீர் உம்மட வேலையைப் பாரும்."

"என் வேல என்னா ஐயா?"

"சும்மா கிடக்கிறது."

அது லேசான வேலை இல்லை என்பது சீக்கிரத்தில் தெரிந்தது. அசையா அணிக்காரன் தானாக எதுவும் செய்யக்கூடாது. கஞ்சியைச் சிப்பந்தி ஊட்டுவான். கொசு கடித்தால் குரல் கொடுக்க வேண்டும், சிப்பந்தி வந்து அடிப்பான். அடி கொசுவுக்கும் விழும், சுப்பையனுக்கும் விழும். தும்மல் வந்தபோது ராஜரத்தினம் பக்கத்தில் இருந்ததால் அதை அப்படியே விழுங்கிவிட்டான்.

முதல் தகராறு மறுநாள் விடியற்காலையில் வந்தது. மணி அடித்தது. அசையும் அணி எழுந்து கக்கூஸ் பக்கமாகக் குனிந்தது. அசையா அணி அசையவில்லை.

"எந்திரிடா!" என்று ராஜரத்தினம் கத்தினார்.

"ஐயா, கேப்டன் தூவான் அசையக் கூடாதுன்னு..."

"தோக்கியோவக் கும்புடமாட்டியா?"

"கும்புடுறேன் ஐயா. மனசுக்குள்ள கும்புடுறேன்."

"மனசுக்குள்ள நீ எந்தத் திசையப் பாத்திருக்கேன்னு நான் எப்பிடிப் பாக்குறது?"

கேப்டனைக் கூப்பிட்டார்கள். அசைந்தால் ஆராய்ச்சி கெட்டுவிடும் என்று அவர் மேசையைத் தட்டினார். வணங்காவிட்டால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று ராஜரத்தினம் மிகவும் பணிவோடு கேப்டனையே மிரட்டினார். சுப்பையனின் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டே ஒரு கூட்டம் நடந்தது. மத்தியானம் வரைக்கும் போயிற்று. கடைசியில் ராஜரத்தினத்துக்கு ஞானம் பிறந்தது.

"நோயாளி கட்டில்ல இருக்கான். கட்டில் ஆஸ்பத்திரிக்குச் சொந்தம். ஆஸ்பத்திரி அரசாங்கத்துக்குச் சொந்தம். அதனால கட்டில் கும்புட்டா போதும்! கட்டில் குனியும்போது அதுமேல கெடக்கிறவனும் குனிஞ்சதா எடுத்துக்கலாம். ஆனா அவன் அசையல!"

கேப்டன் சம்மதமாகத் தலையை ஆட்டினார்.

அன்று சாயங்காலமே அசையா அணியின் கட்டில்களெல்லாம் தோக்கியோவுக்குத் தலையைக் காட்டும்படி திருப்பப்பட்டன. வார்டுக் கதவு பாதிக்கு மேல் திறக்க முடியாமல் போயிற்று. மறுநாள் விடியலில் மணி அடித்ததும் நான்கு சிப்பந்திகள் சுப்பையனின் கட்டில் கால்மாட்டைப் பிடித்து "இச்சி, நி, சான்!" என்று எண்ணிக்கொண்டு தூக்கினார்கள். கால் மேலே, தலை கீழே. சுப்பையன் தலையணையோடு வழுக்கிக்கொண்டு போய்க் கட்டில் கம்பியில் முட்டி நின்றான். அப்படியே தோக்கியோவை வணங்கினான். கட்டில் இறங்கியது. ரத்தமெல்லாம் முகத்துக்கு வந்திருந்தது.

"பிரமாதம்! அசையவே இல்ல!" என்றார் ராஜரத்தினம்.

அடுத்தது ரேடியோ தேகப்பயிற்சி. அதையும் விட முடியாது. அதற்கும் வழி தயாராக இருந்தது. ஒரு சிப்பந்தி சுப்பையனின் இரண்டு கணுக்காலையும் பிடித்து, மடக்கி, நீட்டி, சுழற்றி, சங்கீதத்துக்கு ஏற்ப ஆட்டினான். "ஆட்டுறது சிப்பந்தி. ஆடுறது காலு. நோயாளி இதுல எங்கயும் சம்பந்தப்படல" என்று ராஜரத்தினம் கேப்டனுக்கு விளக்கினார். அவருடைய உற்சாகத்தில் இந்தப் பூசை காலை, மத்தியானம், சாயங்காலம் என்று ஆகிவிட்டது.

சுவர் பக்கத்துக்கு வருவோம். அசையும் அணி அசைய வேண்டும். ஆனால் இஷ்டத்துக்கு அசைந்தால் அது ஒழுக்கக் கேடு. முறையாக அசைவது எப்படி என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே ராஜரத்தினம் அவர்களுக்குத் தினமும் வகுப்பு வைத்தார். உயரமான பலகை பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்து, கால் தரையில் படாமல் தொங்க, காலையில் இருந்து சாயங்காலம் வரை 'அசைவின் மேன்மை' என்பது பற்றிப் பேசினார். நடுவில் யாரும் எழுந்திருக்கக் கூடாது. பாதி நிப்பொங்கோ, பாதி தமிழ். அந்தப் பெஞ்சில் கம்போங் செட்டி தேவநாயகம் பிள்ளையும் இருந்தார். சுப்பையனுக்குத் தெரிந்தவர்தான், அவன் வீட்டுக்கு முன்பக்கத்து வீடு. நெற்றியில் திருநீறு பூசுவார், கும்பிடுவது குடும்பத்து மாரியம்மன் கோயில், பேசுவதெல்லாம் மலாய். நிப்பொங்கோவும் புரியாது, தமிழும் புரியாது. மரியாதைக்குத் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சில நாளில் அவருடைய இடது கால் வீங்கிவிட்டது.

"சுப்பையா, காக்கி குவா சூடா ஜாடி தியாங்லா!" என்று எதிர்க்கட்டிலில் இருந்து கூப்பிட்டார். என் கால் தூணாகிப் போச்சு என்கிறார். கேப்டன் நாடாவை வைத்தார், எட்டவில்லை. பக்கத்துப் பெஞ்சுக்காரருக்கும் வீங்கியிருந்தது. அதற்கடுத்தவருக்கும்.

அசையா அணியில் ஒருவருக்கும் வீங்கவில்லை. சுப்பையனின் கெண்டைக்கால் இரண்டும் ஓட்டப்பந்தயக் குதிரையுடையது மாதிரி இருந்தன.

கேப்டன் ஹிராயாமா சன்னலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், நாடாவைத் திருப்பிப் பார்த்தார். அவர் எண்ணியதற்கு எல்லாம் நேர்மாறாக நடந்திருந்தது. முகம் வாடிவிட்டது.

சுப்பையனுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "ஐயா, அவங்கள நாள் பூரா காலத் தொங்கப் போட்டு உக்கார வச்சிருக்கீங்களே... எங்க காலத்தான் தூக்கித் தூக்கி ஆட்டுறீங்க. அதனாலயோ என்னவோ?" என்று மெதுவாகச் சொன்னான்.

"ஒன்னக் கேட்டாங்களா? நீ அசையா அணி. வாயும் அசையக் கூடாது" என்று ராஜரத்தினம் அவனை அடக்கிவிட்டு, கேப்டன் பக்கம் திரும்பினார். "தூவான், இதுல கொழப்பமே இல்ல. தானா அசையிறதுதான் வியாதி. அசைக்கப்படுறதுதான் ஆரோக்கியம். இவங்க சொந்தமா ஒண்ணும் செய்யல, மேலேருந்து செஞ்சத ஏத்துக்கிட்டாங்க. ரத்தத்துக்கு இது புரிஞ்சு போச்சு. அதான் ஓடுது. அவங்க சொந்தக் கால்ல நின்னவங்க. அதான் ஒறஞ்சு போச்சு! என்னையே பாருங்க. இந்த ஆபீஸ்ல இத்தன வருஷத்துல நான் தானா ஒரு காரியம் செஞ்சதா எவனாவது சொல்லட்டும். ஒடம்பு கல்லு மாதிரி இருக்கு!"

கேப்டனின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. பெரிய கண்டுபிடிப்பு என்றார். மேலிடத்துக்குச் சேதி போயிற்று. பொன்னுதுரை மட்டும் தேவநாயகம் பிள்ளையின் காலை இரண்டு தலையணை வைத்து உயர்த்திவிட்டு, "பெஞ்சுக்குப் போகாதேயும். வயித்தாலை போகுதெண்டு சொல்லும்" என்று மலாயில் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைக்கு நாளாக ஆக வீக்கம் வடிந்தது. நெஞ்சுக்கு ஒன்றும் போகவில்லை, மாரியம்மன் புண்ணியம்.

அந்த வாரம் சந்திரமதி பார்க்க வந்தபோது முகம் சரியில்லை. இலையில் கட்டிய கிழங்குப் புட்டைக் கட்டில் மேல் வைத்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"மண்டோரு வந்தான்."

"எதுக்கு?"

"ஒங்களத்தான் கேக்குறான். 'வயித்த தச்சாச்சாமே, ஆளு எப்ப வெளிய வருவாரு? லோரியில எடம் வச்சிருக்கேன்'ங்குறான்."

"அய்யய்யோ. எனக்குத்தான் குடலு எறங்கியிருக்கே."

"எறங்குனப்ப வேணாம்னான். இப்ப ஏத்திட்டாங்கள்ல, இப்ப வேணுங்குறான். நான் என்னா செய்ய? திருப்பி எறக்கச் சொல்லவா?" கண் கலங்கிவிட்டது. சட்டென்று துடைத்துக்கொண்டாள். "மாடு ரெண்டும் கட்டுத்தறியிலயே நிக்குது. செவல என்னைய பாக்குறதே இல்ல. வாசலத்தான் பாக்குது. வீட்டுக்கு வந்திருங்க. ஆனா வராதீங்க."

வீட்டுக்குப் போக வேண்டும். சயாமுக்குப் போகக்கூடாது. சுப்பையனுக்கு வேண்டியது இவ்வளவுதான். வீட்டுக்குப் போகும் வழியிலேயே லோரி நிற்கிறது என்பதுதான் சங்கடம்.

"நீ பயப்படாத புள்ள. ஆராய்ச்சி முடியிற வரைக்கும் என்னைய விடமாட்டாங்க" என்றான்.

"எப்ப முடியும்?"

"அது எனக்கு ஒறயணும் போல. இல்லாட்டி ஒறயக் கூடாது போல. ரெண்டுல ஒண்ணு."

"என்னமோ போங்க. நல்லா இருந்த மனுசனப் படுக்க வச்சு புத்தியக் கெடுத்துட்டானுங்க" என்று சொல்லிவிட்டு, புட்டை அவளே ஊட்டினாள். அவன் கையை நீட்டினால் சிப்பந்தி கத்துவானே.

ஆராய்ச்சி அவன் நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிகிற மாதிரி வந்தது. கண்டுபிடிப்பைப் பார்வையிட ஒரு பெரிய அதிகாரி வருகிறார் என்று தகவல். ராஜரத்தினத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. உறைந்த ரத்தத்தையும் உறையாத ரத்தத்தையும் அதிகாரி தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்.

"அது உள்ளுக்கை இருக்கிற சாமான். காட்டுறதெண்டால் ஆளை வெட்ட வேணும்" என்றார் பொன்னுதுரை.

ராஜரத்தினம் ஒரு கணம் சன்னல் பக்கம் பார்த்தார். சுப்பையன் மூச்சை நிறுத்திக்கொண்டான். நல்ல வேளையாக அவருக்கு வேறு யோசனை வந்தது. தன் சைக்கிளின் இரண்டு ட்யூப்பையும் கழற்றி வெட்டி, பலகையில் ஆணி அடித்தார். ஒன்று 'கீழ்ப்படியும் நரம்பு'. மற்றது 'கீழ்ப்படியாத நரம்பு'. மரவள்ளி மாவுக் கஞ்சியில் சிவப்புக் கீரைச் சாற்றைக் கலந்து ரத்தம் தயாரானது. அது நோயாளிகளின் மத்தியானக் கஞ்சி. ஆகவே அன்று மத்தியானம் வார்டே பட்டினி கிடந்து விஞ்ஞானத்துக்கு உதவியது. கீழ்ப்படியும் நரம்புக்குத் தண்ணியாகவும், கீழ்ப்படியாத நரம்புக்குக் கெட்டியாகவும் ஊற்ற வேண்டும் என்று ஏற்பாடு.

அதிகாரி வந்தார். தடித்த மனிதர், நீண்ட வாள். பாதிக் கதவுக்குள் வாள் மாட்டிக்கொண்டது, மெல்லக் கழற்றி உள்ளே விட்டார்கள். எல்லாரும் குனிந்தார்கள். கட்டில்களும் குனிந்தன. அதிகாரி கட்டில்கள் குனிவதைக் கண்டு அசந்து போனார்.

ராஜரத்தினம் கம்பை எடுத்தார். "கீழ்ப்படியும் நரம்புல ரத்தம் எப்பிடி ஓடுதுன்னு பாருங்க!" என்று சைக்கிள் பம்பை அழுத்தினார்.

ஒன்றும் வரவில்லை. அதிகாரி வரத் தாமதமானதில் கஞ்சி ஆறி, இரண்டு ட்யூப்பிலும் களியாகிக் கிடந்தது. ராஜரத்தினம் இன்னும் பலமாக அழுத்தினார். ட்யூப் பூசணிக்காய் மாதிரி உப்பியது. பொன்னுதுரை தன் மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். 'டப்' என்று ஒரு சத்தம். சிவப்புக் களி அதிகாரியின் பூட்ஸ் வரைக்கும் போய் விழுந்தது.

"இது... வெள்ளக்காரன் காலத்து ட்யூப்" என்றார் ராஜரத்தினம்.

அதிகாரி பூட்ஸைப் பார்த்தார். ட்யூப் வேண்டாம், ஆளைக் காட்டு என்றார். கேப்டன் அவசரமாக அவரைச் சுப்பையனின் கட்டிலுக்கு அழைத்துக்கொண்டு போய், கெண்டைக்காலை அளந்து காட்டினார். அதிகாரி தன் விரலால் அழுத்திப் பார்த்தார். முகம் தெளிந்தது. சுப்பையனின் தொடையில் ஓங்கி ஒரு தட்டு தட்டிவிட்டு என்னவோ சொன்னார்.

ராஜரத்தினம் பெருமையோடு மொழிபெயர்த்தார். "டேய் சுப்பையா, நீ குடுத்து வச்சவன்! மலாக்காவுலயே ஒன் ரத்தந்தான் ஒசத்தியாம். இப்பிடிப்பட்ட ரத்தம் இங்க படுத்துக் கெடக்கக் கூடாதாம். நாளைக்கே சயாமுக்கு அனுப்பச் சொல்றாங்க!"

எதிர்க்கட்டிலில் தேவநாயகம் பிள்ளை வாயில் கையை வைத்துக்கொண்டார். சுப்பையனுக்கு அழுகை வந்தது. தந்திரம் எதுவும் அவனுக்குத் தெரியாது. இத்தனை நாளாக அந்த வார்டில் கேட்டுக் கேட்டு மனதில் பதிந்ததுதான் வாயில் வந்தது.

"ஐயா, போகச் சொன்னா போறேன். ஆனா எனக்கு ரத்தம் தானா ஓடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அங்க கட்டில் உண்டா? நாலு பேரு தூக்குவாங்களா? காலையில மத்தியானம் சாயங்காலம் யாரு என் கால ஆட்டுவாங்க? யாரும் ஆட்டலன்னா ஒறஞ்சு போயிடுமே ஐயா. ரயில் பாதைக்கு நான் என்னா பிரயோசனம்?"

வேறு ஆள் கேட்டிருந்தால் கன்னத்தில் அறை விழுந்திருக்கும். ஆனால் அவன் கேட்டது உண்மையான கவலையோடு. ராஜரத்தினம் அதையும் மொழிபெயர்த்தார், ஏனென்றால் அது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. அதிகாரி தாடையைத் தடவிக்கொண்டார். கேப்டனைக் கேட்டார். ஆமாம், அசைக்கப்பட்டால்தான் ஓடும், ஆராய்ச்சியில் நிரூபணமாகிவிட்டது என்று கேப்டன் உறுதியாகச் சொன்னார். அதிகாரி கையை வீசி உத்தரவு போட்டார்.

"சரி, ஞாயந்தான்னு சொல்றாங்க" என்று ராஜரத்தினம் ஆரம்பித்தார். "கட்டிலும் சயாமுக்குப் போவட்டுமாம். தூக்குற நாலு பேரும் போவட்டுமாம். அப்புறம், எல்லாத்தையும் சரியா நடத்துறதுக்கு..."

நிறுத்திவிட்டார். முகம் மரவள்ளி மாவாக வெளுத்துவிட்டது.

"அப்புறம் என்னா சொல்றாங்க ஐயா?" என்றான் சுப்பையன்.

பொன்னுதுரை நிப்பொங்கோ வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்குகிறவர் என்று பெயர். ஆனால் இது அவருக்குத் தெளிவாகப் புரிந்திருந்தது.

"உம்மையும் போகச் சொல்லுறார் காணும்" என்று ராஜரத்தினத்திடம் அன்போடு எடுத்துச் சொன்னார். "விடிய லோரியாம்."

இத்தனை வருஷ உத்தியோகத்தில் ராஜரத்தினம் தானாக ஒரு காரியம் செய்தது அப்போதுதான். அதிகாரியின் முன்னால் மடாரென்று குனிந்து, மூச்சு விடாமல் நிப்பொங்கோவில் பொரிந்து தள்ளினார். ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை. மூன்றாவது கட்டம் பாக்கி இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஓடிய ரத்தம் சொந்த வீட்டுப் பாயிலும் ஓடுகிறதா என்று பார்க்காமல் இதை எப்படித் தேசம் முழுக்க அமல்படுத்துவது? இந்த நோயாளி காஜா பேராங்கில் தன் வீட்டில் கிடக்க வேண்டும். ஊரை விட்டு அசையவே கூடாது. அசைந்தால் எல்லாம் பாழ்.

கேப்டன் இதுவரை மூன்றாவது கட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் அது மிக அவசியம் என்று உடனே ஒத்துக்கொண்டார்.

வீட்டில் யார் காலை ஆட்டுவது என்று அதிகாரி கேட்டார்.

ராஜரத்தினம் நெஞ்சில் கையை வைத்தார். "நானே!"

அதிகாரிக்குக் கண் பனித்துவிட்டது. இப்படி ஓர் ஊழியரை அவர் எங்குமே பார்த்ததில்லையாம். மறுபடியும் கதவில் மாட்டிய வாளைக் கழற்றிக்கொண்டு கிளம்பிப் போனார்.

மறுநாள் சந்திரமதி வண்டி பூட்டிக்கொண்டு வந்தாள். சுப்பையனை ஏற்றிக்கொண்டு காஜா பேராங் வரும் வரைக்கும் மாட்டை விரட்டிக்கொண்டே இருந்தாள். வீட்டு வாசலில் நிறுத்தியதும் மாட்டின் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். அப்புறம் சிரித்தாள். அப்புறம், "எறங்குங்க, பசிக்கும்" என்றாள்.

ராஜரத்தினம் சொன்ன வாக்குத் தவறவில்லை. ட்யூப் இல்லாத சைக்கிளை ஓட்ட முடியாததால் தினமும் விடியற்காலையில் நடந்தே வந்து சேர்ந்தார். சுப்பையன் பாயில் மல்லாந்து கிடப்பான். அவர் கீழே உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்து "இச்சி, நி, சான்" என்று ஆட்டுவார். அவர் தெருமுனை திரும்பியதும் சுப்பையன் எழுந்து வண்டி பூட்டிக்கொண்டு பாசாருக்குப் போவான்.

மண்டோர் ஒரு காலையில் வந்தான். வாசலில் லோரி நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தான். ஆஸ்பத்திரி ஒழுக்க மேற்பார்வையாளர் வேர்த்து விறுவிறுத்துப் போய் வண்டிக்காரன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, இந்த ஆளு..." என்று இழுத்தான்.

"இவன் அசையக் கூடாது! அசைஞ்சா நானும் அசையணும்! போ வெளிய!" என்று ராஜரத்தினம் போட்ட கூச்சலில் தெருவே விழித்துக்கொண்டது. மண்டோர் வாசல் வரைக்கும் குனிந்து கும்பிட்டுக்கொண்டே பின்னால் போய் லோரியில் ஏறிவிட்டான். அப்புறம் அந்த வீட்டுப் பக்கம் அவன் தலை வைத்துப் படுக்கவில்லை.

அந்தத் தெருவில் இருந்து லோரி ஏறியவர்களில் திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அதை நினைத்துத்தானோ என்னவோ, ராஜரத்தினம் ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை. மழையில் குடை பிடித்துக்கொண்டு வந்தார். காய்ச்சலிலும் வந்தார். சுப்பையன்தான் சங்கடப்பட்டு, "போதும் ஐயா, கை வலிக்கும்" என்பான். "நீ சும்மா கெட. ஓடிக்கிட்டே இருக்கணும்" என்று அவர் இன்னும் கொஞ்ச நேரம் ஆட்டுவார்.

ஒரு நாள் ஆட்டி முடித்து, வாசலில் வைத்திருந்த செருப்பை அவர் மாட்டிக்கொண்டிருந்தபோது, சந்திரமதி கட்டுத்தறிப் பக்கம் இருந்து வந்தாள்.

"சார், கோவிச்சுக்காதீங்க. செவலக்கி நின்னு நின்னு காலு வீங்கின மாரி இருக்கு. ஒங்க கைக்கு நல்லா கேக்குதே. போறப்ப அதுக்கும் கொஞ்சம் ஆட்டி விட்டுட்டுப் போறீங்களா?"

நேற்றும் பாசாருக்கு ஓடிவிட்டு வந்த மாடு அது. சுப்பையன் பாயில் கிடந்தபடியே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

ராஜரத்தினம் செவலையைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். தூரத்தில் எங்கேயோ ஒரு லோரி உறுமும் சத்தம் கேட்டது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கேட்டார்:

"முன்னங்காலா, பின்னங்காலா?"